புகை நாறுகிறது என்றாயே, அதற்கு

அம்மிணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரேலியாவிலிருந்து வீடியோ காலில், "டார்வின்ல ஒரு வாரமா புகைப்பா, காட்டுக்கு இவங்களே தீ வைக்கிறாங்க, காயப்போட்ட துணியெல்லாம் நாறுது" என்று சலித்துக்கொண்டாய். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள், பழமை வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 31 வருசம் காட்டில் தீ அணைத்துச் சம்பளம் வாங்கியவன் நான், உன் காலேஜ் ஃபீஸ் அந்தக் காசுதான். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் நீ கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் மொத்தமாக எழுதுகிறேன், நைட் ட்யூட்டி இல்லாத அன்றைக்குப் படி.

உன் ஊருக்குக் கிழக்கே மேற்கு ஆர்னெம் நிலம் என்று இருக்கிறது, மேப்பில் பார். அங்கிருந்த பழங்குடி மக்கள் போன நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷன்களுக்கும் ஊர்களுக்கும் போய்விட, காடு ஆளில்லாமல் கிடந்தது. ஆளில்லாத காட்டில் புல் காய்ந்து நிற்கும், அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் ஒரு பொறி விழுந்தால் போதும், கட்டை மட்டையெல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் எரியும். பெரியவர்கள் சிலர் அந்த மண்ணுக்கே திரும்பிப் போனார்கள். மழை விட்ட கையோடு, புல்லில் பாதி ஈரம் இருக்கும்போதே திட்டுத் திட்டாகக் கொளுத்துவது அவர்கள் பாட்டன் காலத்து முறை. ராத்திரிப் பனியில் அது தானாக அடங்கிவிடும். 2006இல் இது, பெருந்தீயையும் அதன் புகையையும் குறைக்க, 28,000 சதுர கிலோமீட்டருக்கு ஒரு திட்டமாகவே ஆனது, ஏறக்குறைய அஞ்சு ஈரோடு மாவட்டம். நடந்தும் கொளுத்துகிறார்கள், ஹெலிகாப்டரிலிருந்தும் போடுகிறார்கள்.

தீ வைத்தால் புகை எப்படிக் குறையும் என்று கேட்பாய். புல் எரிந்து வரும் கரியமில வாயுவை அடுத்த மழைக்கு முளைக்கிற புல் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூமியைச் சூடேற்றும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும்தான் கணக்கு. பருவம் முற்றி எரிகிற பெருந்தீயில் அவை எக்கச்சக்கம், முன்கூட்டி வைக்கிற சிறுதீயில் கொஞ்சம். இந்த வித்தியாசத்துக்காக டார்வினில் இருக்கிற எரிவாயு ஆலை 17 வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டது, இவர்கள் வருசத்துக்கு 1 லட்சம் டன் கரியமில வாயுவுக்குச் சமமாகக் குறைத்துக் கொடுப்பதென்று. எனக்கு அதில் ஒரு உறுத்தல் உண்டு. ஆலைக்காரன் தன் புகையை நிறுத்தவில்லை, இவர்கள் வேலையைக் காசு கொடுத்து வாங்கித் தன் கணக்கை நேர் செய்துகொண்டான். ஆனாலும் அந்தக் காசில் மண்ணின் ஆட்கள் தங்கள் மண்ணில் ரேஞ்சர் வேலை பார்த்தார்கள், அதைச் சும்மா சொல்லக் கூடாது.

சரி, நம்ம கதைக்கு வருகிறேன். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

1989 ஜனவரி. சத்தியமங்கலம் மலையில் ஆசனூர் பக்கம் விடியற்காலையில் ரோந்து போகும்போது ஒரு சோளகப் பழங்குடிப் பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சருகைக் கையில் அள்ளி நொறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நொறுங்கியது, கொஞ்சம் மடங்கியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தீப்பெட்டியை எடுத்தார். முழங்கால் உயரம்கூட வரவில்லை அம்மிணி அந்தத் தீ, நெல்லி மரத்தைச் சுற்றி ஊர்ந்துபோய், ஓடைப் பக்கம் ஈரம் தட்டியதும் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் நின்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் போய் அவர் கையைப் பிடித்தேன். கேஸ் எழுதினேன், கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டேன். "சருகுத் தீ மரத்தைத் தொடாது சாமி" என்று மட்டும் சொன்னார். சட்டம் என் பக்கம் இருந்தது. அந்தக் கொடுவாள் என்ன ஆனது என்றே தெரியவில்லை.

அந்தத் தீக்கு அவர்கள் பாஷையில் 'தரகு பெங்கி' என்று பேர், சருகுத் தீ என்று அர்த்தம். மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில், 1974இல் சரணாலயம் அறிவித்த பிறகு சோளகர்களைக் காட்டுக்குள்ளிருந்து நகர்த்தினார்கள், தீ வைப்பதும் நின்றது. உண்ணிச்செடி ஏறிவிட்டது, நெல்லியில் புல்லுருவி பிடித்துவிட்டது, எல்லாம் தீ நின்றதால்தான் என்று அவர்கள் வருசக்கணக்காகச் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து பார்த்தபோது, 1997க்கும் 2008க்கும் நடுவில் அந்த மலையில் உண்ணிச்செடி ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்துக்குப் பரவியிருந்தது. அது வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று கொண்டுவந்த அமெரிக்கச் செடி!

அதற்காக இப்போது போய்க் கொளுத்தினால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. கன்றாக இருந்தபோது சிறுதீ அதைக் கொன்றிருக்கும். இப்போது அது ஆளுயரப் புதர், அதில் ஏறுகிற தீ மரத்தின் உச்சிக்குப் போகும், புதரோ எரிந்த தூரிலிருந்தே மறுபடி துளிர்க்கும். முதலில் வெட்டிப் பிடுங்க வேண்டும், அப்புறம்தான் தீ. வெயில் காலம் நீண்டுகொண்டே போகிறது, தாமதிக்கத் தாமதிக்க, தீ வைக்கத் தோதான நாளும் குறையும்.

பருவநிலை மாற்றத்துக்காக உலக நாடுகள் போட்ட 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில், 7ஆம் பிரிவில், பழங்குடிகளின் அறிவையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். 2018இல் போலந்தில் நடந்த பருவநிலை மாநாட்டில் அதற்கென்று 14 பேர் குழு போட்டார்கள், அரசுகள் சார்பில் 7 பேர், பழங்குடிகள் சார்பில் 7 பேர். நல்லதுதான். இங்கே 2006 வன உரிமைச் சட்டம் வந்து தேனுக்கும் நெல்லிக்கும் உரிமை பேச முடிகிறது, சருகுக்குத் தீ வைத்தால் இன்னமும் கேஸ்தான்.

போன மாசம் ஆசனூர் போயிருந்தேன். பெரியவர் இல்லை. அவர் பேரன் தீத்தடுப்புக் காவலராக இருக்கிறான், தினக்கூலி. நான் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, டீ வாங்கிக் கொடுத்தான். நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

உன் ஊர்ப் பக்கத்து ரேஞ்சர்கள் யாரையாவது பார்த்தால் எனக்காக ஒன்று கேட்டுச் சொல். புல் பதமாகிவிட்டது என்பதைக் கையில் நொறுக்கிப் பார்க்கிறார்களா, இல்லை வேறு ஏதாவது பார்த்து முடிவு செய்கிறார்களா? துணியை இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே காயப்போடு. அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல், கொடுத்து விடுகிறேன்.

அப்பா