ஃபோர்த் தேடுவது ஒரே ஒரு முறைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய கணினி மொழிகளைப் பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஐபிஎம் 1130 கணினி ஐந்து எழுத்துக்கு மேல் கோப்புப் பெயர் ஏற்காததால் சார்லஸ் மூரின் கணினி மொழி 'Fourth' என்ற பெயரில் ஓர் எழுத்தை இழந்து 'Forth' (ஃபோர்த்) ஆன கதையெல்லாம் சரிதான். ஆனால், 'நிரல் ஓடும்போது ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் தேடுவதால் ஃபோர்த் மெதுவானது' என்று ஒரு வரி இருந்ததே, அது தவறு. ஃபோர்த்தில் 'சொல்' என்றால் பெயர் வைத்த ஒரு கட்டளை; 'அகராதி' என்றால் அந்தச் சொற்களின் பட்டியல்.

ஜிஃபோர்த்தில் (இன்றைய கணினிகளில் ஓடும் இலவச ஃபோர்த்) இப்படி அடித்துப் பாருங்கள் (தமிழ்ப் பெயரே வைக்கலாம்):

: இருமடங்கு 2 * ;

முக்காற்புள்ளியைக் (:) கண்டதும் 'இருமடங்கு' அகராதியில் பதிவாகிறது. கம்பைல் நிலை, அதாவது சொற்களை உடனே ஓட்டாமல் பின்னால் ஓடுவதற்காகப் பதித்துவைக்கும் நிலை, தொடங்குகிறது. '2' அகராதியில் இல்லை, எண்தானா என்று பார்த்து, அதை ஸ்டாக்கில் (எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இடம்) வைக்கும் கட்டளையாகப் பதிக்கிறது. '*' அகராதியில் உண்டு. அதன் பெயரை அல்ல, நினைவகத்தில் அது இருக்கும் முகவரியைப் பதிக்கிறது. சில ஃபோர்த்துகள் நேராக மெஷின் கோடே (சிப் நேரடியாக ஓட்டும் கட்டளைகள்) எழுதிவிடும். கடைசியில் வரும் அரைப்புள்ளி (;) மட்டும் தனி ரகம்: 'உடனே இயங்கு' என்ற அடையாளம் உள்ள சொல். கம்பைல் நிலையிலும் அது பதிவாகாமல் ஓடி, திரும்பும் கட்டளையைப் போட்டுவிட்டு நிலையை மாற்றிவிடும். தேடல் அதோடு முடிந்தது. 'இருமடங்கு' லட்சம் முறை ஓடினாலும் அகராதிப் பக்கம் யாரும் போவதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இசட்80 சிப் போர்டில் ஃபிக்-ஃபோர்த் என்ற பழைய ஃபோர்த்தை வைத்து ஓர் இயந்திரத்தின் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஓட்டிக்கொண்டிருந்த காலம். ரிலேயின் ஒரு டிக்குக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம் என்றார் மேற்பார்வையாளர். காத்திருக்கும் சொல்லை மட்டும் 500 மில்லி நொடியிலிருந்து 50 ஆக்கி, அதே பெயரில் மறுபடி எழுதினேன். 'எம்எஸ்ஜி # 4' என்று வந்தது. அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு என்று அர்த்தம். நான்தான் சட்டை செய்யவில்லை. ரிலே பழைய வேகத்திலேயே டிக், டிக் என்றது. வயரிங்கைச் சந்தேகித்து முழு மத்தியானத்தையும் தொலைத்தேன். ரிலேயை ஓட்டும் சொல்லுக்குள் பழைய முகவரி உட்கார்ந்திருக்கிறது, அப்புறம் பெயரை மாற்றி எழுதி என்ன பயன்? ஓடும்போது பெயரைத் தேடும் மொழியாக இருந்திருந்தால் அன்று மத்தியானச் சாப்பாடு ஆறியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கருவிப் பராமரிப்பாளர் ஒருவர்