மேப்பிள் லீஃப் கார்டன்ஸைக் கட்டிய தொழிலாளிக்கு

அன்பின் ஐயா,

1931ஆம் ஆண்டுக் கோடையில், ரொறன்ரோவில் கார்ல்டன் தெருவும் சேர்ச் தெருவும் சந்திக்கும் மூலையில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அரங்கைக் கட்டும் வேலையை நீங்கள் செய்தீர்கள். செங்கல் அடுக்கினீர்களோ, இரும்பு பூட்டினீர்களோ, என்னைப்போல வயர் இழுத்தீர்களோ, எதுவானாலும் உங்கள் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு காசாகக் கைக்கு வரவில்லை. பதிலுக்கு அந்தக் கட்டடத்தின் பங்குப் பத்திரம் தந்தார்கள். நானும் இதே நகரத்தில் இருபது வருடமாக மின்சார வேலை செய்கிறேன். சம்பளத்தில் ஐந்தில் ஒன்று கடதாசியாக வந்தால் அந்த மாத வாடகைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் காசில் எழுந்த அந்த அரங்கு பிறகு என்னென்ன கண்டது என்று உங்களுக்கு எழுதவேண்டும் போலிருக்கிறது.

கான் ஸ்மைத் நடத்திய ரொறன்ரோ ஐஸ் ஹாக்கி அணி, மேப்பிள் லீஃப்ஸ், அதுவரை விளையாடிய மியூச்சுவல் தெரு அரங்கில் எட்டாயிரம் பேர்தான் கொள்வார்கள். பெரிதாகக் கட்ட அவர் ஆசைப்பட்ட நேரம் பெரும் பொருளாதார மந்தம். வங்கிகள் கையை விரித்தன. அப்போது அவருடைய உதவியாளர் ஃபிராங்க் செல்கே, தானே மின்சாரத் தொழிலாளியாக இருந்தவர், தொழிற்சங்கங்களிடம் போய்ப் பேசினார். நீங்கள் சம்மதித்தீர்கள். ஜூன் 1இல் வேலை தொடங்கி நவம்பர் 12 இரவு முதல் ஆட்டமே நடந்துவிட்டது. இன்று எங்களிடம் இருக்கிற கிரேனையும் லேசரையும் வைத்துக்கொண்டும், அவ்வளவு பெரிய கட்டடத்தை ஐந்தரை மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று எந்தக் கொன்ராக்டரும் வாக்குக் கொடுக்கமாட்டார்.

அந்த முதல் ஆட்டத்தில் சிக்காகோவிடம் 2-1 என்று தோற்றார்கள். ஆனால் அதே பருவத்தில் ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பை வந்தது. 1967க்குள் மொத்தம் பதினொன்று. 1942ஆம் ஆண்டுக் கோப்பைதான் எனக்குப் பிடித்தது: ஏழு ஆட்ட இறுதித் தொடரில் டெட்ராய்ட்டிடம் முதல் மூன்று ஆட்டத்தையும் பறிகொடுத்துவிட்டு அடுத்த நான்கையும் வென்றார்கள். கடைசி ஆட்டம் நீங்கள் கட்டிய கூரையின் கீழேதான் நடந்தது. வீட்டில் வானொலி முன்னால் குந்தியிருந்த கனடாவுக்கு இதையெல்லாம் கண்ணால் பார்ப்பதுபோலச் சொன்னவர் ஃபொஸ்டர் ஹியூவிட். ஐஸ் தரைக்கு 56 அடி மேலே தொங்கிய ஒரு கூண்டிலிருந்து பேசினார். 1979இல் அப்போதைய உரிமையாளர் அந்தக் கூண்டைக் கழற்றி எரித்துவிட்டார். அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹாக்கிக்கு மட்டும் கட்டிய இடமாக அது நிற்கவில்லை. 1932இல் சர்ச்சில் வந்து பேசினார். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான இன்றைய என்பிஏ தன் முதல் ஆட்டமாகக் கணக்கு வைத்திருப்பது 1946 நவம்பர் 1இல் இங்கே நடந்த கூடைப்பந்தாட்டம். நியூயோர்க் 68, ரொறன்ரோ 66. எல்விஸ் 1957இல் பாடினார், பீட்டில்ஸ் மூன்று வருடம் வந்தார்கள். 1966இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி வந்ததுதான் பெரிய கதை. வியட்நாம் போரைப் பற்றி அவர் சொன்னதற்காக அமெரிக்க நகரங்கள் அவருக்குக் கதவைச் சாத்தின. உங்கள் அரங்கு திறந்தது. அலியை எதிர்த்த ஜோர்ஜ் சுவாலோ என்ற ரொறன்ரோக்காரர் பதினைந்து சுற்றும் விழாமல் நின்று அடி வாங்கினார். அலியை உள்ளே விட்டதற்காக ஸ்மைத், தான் கட்டுவித்த இடத்தின் இயக்குநர் பொறுப்பையே உதறிவிட்டுப் போனார். அந்த விடயத்தில் நான் ஸ்மைத் பக்கம் இல்லை, ஐயா.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அது கசப்பானது. அங்கே வேலை செய்த சிலர், இலவச டிக்கெட் ஆசை காட்டிச் சிறுவர்களைப் பல ஆண்டுகளாகப் பாலியல் வதை செய்திருந்தார்கள். அந்தச் சிறுவர்களில் ஒருவர் வளர்ந்து, 1997இல் பொதுவில் வாய் திறந்தபிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. வழக்கும் தண்டனையும் அதற்குப் பிறகே வந்தன. கோப்பைகளை எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

1999 பெப்ரவரியில் அணி வேறு அரங்குக்குப் போய்விட்டது. கடைசி ஆட்டத்திலும் சிக்காகோவிடமே தோல்வி. பல வருடம் பூட்டிக் கிடந்த இடத்தை 2004இல் லொப்லோஸ் நிறுவனம் வாங்கியது. 2011இல் கீழே பலசரக்குக் கடை திறந்தது. அடுத்த வருடம் மேல்மாடியில் பல்கலைக்கழகம் புதிதாக ஓர் ஐஸ் தளம் போட்டது.

நான் அங்கேதான் மரக்கறி வாங்குகிறேன். கடைத் தரையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது, பழைய தளத்தின் நட்டநடுப் புள்ளி. அதன்மேல் தள்ளுவண்டிகள் உருண்டுகொண்டே இருக்கின்றன. போன மாதம் பையோடு மேலே ஏறிப் போனேன். பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணாந்து உங்கள் இரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று தரையிலிருந்து எட்டாத உயரத்தில் இருந்த விட்டங்கள் இப்போது ஆணித்தலை தெரியுமளவு கிட்ட இருக்கின்றன. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பனிக்காலத்துப் பாரத்தை அவை தாங்கியிருக்கின்றன.

அந்தப் பங்குப் பத்திரத்தை வைத்திருந்தீர்களா, பாணுக்கும் வாடகைக்கும் விற்றுவிட்டீர்களா?

இன்னும் ஒரு கேள்வி. திருத்தவேலை நடந்தபோது, 1931 செப்டம்பரில் அடிக்கல்லுக்குள் வைத்த செம்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. பழைய பத்திரிகைகள், ஹாக்கி விதிப் புத்தகம், ஒரு கொடி, இவற்றோடு தந்தத்தில் செய்த சின்ன யானை ஒன்றும் இருந்தது. ஹாக்கி அரங்கின் அடியில் யானை எதற்கு என்று கண்டெடுத்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அதை யார் வைத்தது, ஐயா? உங்களில் ஒருவரா?

இப்படிக்கு,
அதே மூலையில் வயர் இழுக்கும் ஒருவன்