ஊனமுற்ற படைவீரரிடம் அடையாள ஆவணக் கட்டணம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படைப்பணியின்போது உறுப்பை இழந்தோ, தீராத காயத்தோடோ ஊர் திரும்பிய முன்னாள் படைவீரர்களிடம், அரசு அடையாள ஆவணங்களைத் திருத்தவும் புதுப்பிக்கவும் கட்டணம் வாங்குவதை மத்திய, மாநில அரசுகள் கைவிட வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் இதழ் வழியாக முன்வைக்கிறேன். நானும் படையிலிருந்து ஓய்வுபெற்றவன்தான். காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் உள்ள பழைய சிப்பாய்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மனு எழுதித் தருவது, படிவம் நிரப்பித் தருவது ஆகிய வேலைகளை ஓய்வுக்குப் பின் செய்து வருவதால், கண்ணால் கண்டதையே எழுதுகிறேன்.

தொகை பெரிதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆதாரில் பெயர், முகவரி போன்றவற்றை மையத்துக்குச் சென்று திருத்த 50 ரூபாயாக இருந்த கட்டணம் 2025 அக்டோபர் 1 முதல் 75 ரூபாயாகவும், கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க 100 ரூபாயாக இருந்தது 125 ரூபாயாகவும் உயர்ந்தது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 200 ரூபாய். 55 வயதைக் கடந்தவர் அதை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். ஓய்வூதியத்துக்கான ஆண்டு உயிர்வாழ் சான்றைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவுசெய்தால் 70 ரூபாய். கைப்பேசியில் முகத்தைக் காட்டி இலவசமாகவே சான்று அளிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்கேற்ற கைப்பேசியும் அதைக் கையாளத் தெரிந்த பேரனும் வீட்டில் இருக்க வேண்டுமே.

எங்கள் பகுதியில், ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்த ஒருவர் இருக்கிறார். கண்ணிவெடியில் வலது கையின் மூன்று விரல்கள் போயின. மிஞ்சிய விரல்களிலும் தழும்பேறி ரேகை சிதைந்துவிட்டது. மையத்தில் அவர் விரலைக் கண்ணாடிமேல் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். ஊழியர் ஈரத்துணியால் விரலைத் துடைத்து, தன் கையாலேயே அழுத்திப் பிடிப்பார், மறுபடியும் சிவப்புதான். ரேஷன் கடையிலும் வங்கியிலும் ரேகை பொருந்தவில்லையென்றால் அவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே: “ஆதாரைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்.” விரல் இல்லாதவர்களுக்கு விதிவிலக்காகப் பதிவு செய்யும் முறை ஆதார் ஒழுங்குமுறைகளிலேயே உண்டு, அது எத்தனை கவுன்ட்டர்களில் உள்ளவர்களுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ரசீது போடுவது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இதே ஆதாரில், குழந்தைகள் 5 முதல் 7 வயதுக்குள்ளும் 15 முதல் 17 வயதுக்குள்ளும் செய்துகொள்ளும் கட்டாய ரேகைப் புதுப்பிப்புக்குக் கட்டணம் கிடையாது. வளர்கிற உடலில் ரேகை மாறுவது குழந்தையின் குற்றமல்ல என்பதால் அந்தச் செலவை அரசே ஏற்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். எல்லையில் வெடித்த கண்ணிவெடியால் ரேகை மாறியதும் அந்த நாயக்கின் குற்றமல்ல. குழந்தைக்குப் பொருந்தும் நியாயம் அவருக்கு மட்டும் ஏன் பொருந்தாது? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.ஸிலும் போரில் ஊனமுற்றோருக்குச் சேர்க்கைப் பங்களிப்பிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே, இல்லாத ஒரு சலுகையைப் புதிதாகக் கண்டுபிடிக்கும்படி நான் கேட்கவில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பணியால் ஏற்பட்ட ஊனம் 60 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள முன்னாள் படைவீரர்களுக்கு ஓட்டுநர் உரிமக் கட்டணம் தள்ளுபடி செய்யப்படுகிறது. இங்கே அப்படி ஒரு சதவீத வரம்பு வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. படையிலிருந்து விடுவிக்கும்போது ராணுவ மருத்துவ வாரியம் ஊனத்தின் அளவைக் கணித்து எழுதுகிறது; உரியவர்களுக்கு அதன் அடிப்படையில் ஊன ஓய்வூதியம் தீர்மானிக்கப்பட்டு, ஓய்வூதிய ஆணையிலும், படைவீரர் ஓய்வூதியத்துக்கான ‘ஸ்பர்ஷ்’ கணினித் தொகுப்பிலும் பதிவாகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அட்டைக்கோ மாவட்ட மருத்துவர்கள் தனியாக மதிப்பிடுகிறார்கள். இரண்டு சதவீதங்களும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்தச் சதவீதம் செல்லும் என்ற வாக்குவாதத்திலேயே சலுகை முடங்கிப்போகும். ஓய்வூதிய ஆணையில் ஊனக் கூறு (ஊனத்துக்காகத் தரப்படும் பகுதி) என்று ஒரு வரி இருந்தால் கட்டணம் இல்லை என்று விதி செய்தால் போதும். அந்த ஆணை எண்ணைக் கணினியில் இட்டதும் கட்டணக் கட்டத்தில் பூஜ்யம் வர வேண்டும். 125 ரூபாய் விலக்கு பெறுவதற்கு ஒரு தனிச் சான்றிதழ் கேட்டு, அதற்காக இரண்டு நாள் அலையவிட்டால் அந்த விலக்கை அரசே வைத்துக்கொள்ளலாம்.

மற்ற மாற்றுத்திறனாளிகள் என்ன பாவம் செய்தார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கும் இந்த விலக்கு வர வேண்டும் என்றே நானும் சொல்வேன். படைவீரர்களின் ஊனம் பற்றிய பதிவு ஏற்கெனவே அரசின் கையிலேயே சரிபார்க்கப்பட்ட நிலையில் இருப்பதால், அவர்களிடமிருந்து தொடங்குவது எளிது, அவ்வளவே.

ஆதாரும் உரிமக் கட்டண விதிகளும் மத்திய அரசின் கையில் உள்ளவை. மாநில அரசு செய்யக்கூடியதும் உண்டு. இ-சேவை மையங்களில் வருவாய்த்துறைச் சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய் சேவைக் கட்டணம் பெறப்படுகிறது. ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மூலதன மானியமும் அறிவித்த அரசுக்கு இந்த 60 ரூபாயை விட்டுக்கொடுப்பது பாரமாக இருக்காது.

எங்கள் மாவட்டத்தின் நிலப்பரப்பையும் அதிகாரிகள் கருத்தில் கொள்ள வேண்டும். அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து செயற்கைக் காலோடு ஒருவர் காட்டுவழிப் பேருந்தில் தேன்கனிக்கோட்டை வந்து, அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு வண்டி மாறி வருவதற்குள் பாதி நாள் போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். கட்டணத்தைவிட இந்தச் செலவே பெரிது. எனவே கட்டண விலக்கோடு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்காக நடத்தப்படும் சிறப்புக் குறைதீர் கூட்டத்தன்று ஆதார் கருவியும் இ-சேவைக் கணினியும் அங்கேயே வைக்கப்பட வேண்டும். விரலில்லாதோரை விதிவிலக்காகப் பதிவு செய்யத் தெரிந்த ஊழியர் ஒருவர் அதில் அமர வேண்டும். எழுந்து நடமாட முடியாதவர்களின் பட்டியலை முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் தயாரித்துத் தந்தால், அவர்கள் வீட்டுக்கே கருவியைக் கொண்டுசெல்ல மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம். இந்த இரண்டுக்கும் டெல்லியின் உத்தரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த குறைதீர் கூட்டத்திலேயே தொடங்கும்படி கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.