கம்பைலரின் பங்கையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூப்பர் கணினிகளைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் பிராசஸர்களின் எண்ணிக்கையோடும் வேகத்தோடும் நின்றுவிடுகின்றன. தனித்தனி நினைவகம் கொண்ட ஆயிரக்கணக்கான பிராசஸர்கள் ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்யும்போது, எந்தத் தரவு எங்கிருந்து எங்கே எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்வதே பெரும் சிக்கல்; அது பேசப்படுவதே இல்லை.

1993-இல் வெளிவந்த ஹை பெர்ஃபார்மன்ஸ் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி இந்தப் பொறுப்பைக் கம்பைலரிடம், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளிடம், ஒப்படைத்தது. எண்களின் அட்டவணையான அணியை (array) எப்படிப் பிரிப்பது என்பதை மட்டும் நிரலர் குறிப்பிட்டால் போதும். பிராசஸர்களுக்கிடையே தரவை அனுப்பத் தேவையான செய்திப் பரிமாற்றத்தைக் கம்பைலர் தானே எழுதிக்கொள்ளும். 1000 × 1000 கட்டங்கள் கொண்ட அணியை நான்கு பிராசஸர்களுக்கு 250 நெடுவரிசைகள் வீதம் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் நான்கு அண்டைக் கட்டங்களின் சராசரியைக் கணக்கிடுவதாகக் கொள்வோம். எல்லையோர நெடுவரிசைக்கு மட்டுமே பக்கத்துப் பிராசஸரின் தரவு வேண்டும். அதைக் கட்டம் கட்டமாக வாங்கினால் ஓர் எல்லையில் ஒரு திசைக்கே ஏறத்தாழ ஆயிரம் செய்திகள் தேவைப்படும். ஒரு செய்தியை அனுப்பத் தொடங்குவதற்கு ஆகும் நேரம், ஓர் எண் பயணிக்கும் நேரத்தைவிட மிக அதிகம் என்பதால் கணக்கு முடங்கிப்போகும். நல்ல கம்பைலரோ இந்தப் பரிமாற்றத்தை லூப்புக்கு (திரும்பத் திரும்ப இயங்கும் நிரல் பகுதிக்கு) வெளியே கொண்டுவந்து, நெடுவரிசை முழுவதையும் ஒரே செய்தியாக முன்னதாகவே அனுப்பிவிடும்.

தொடக்கக் காலக் கம்பைலர்கள் போதிய முதிர்ச்சி பெறவில்லை, 1994-இல் பிராசஸர்களுக்கிடையே செய்தி அனுப்புவதற்கான பொதுத் தரமான எம்.பி.ஐ. வந்ததும் பலர் செய்திகளைக் கையால் எழுதும் முறைக்கே போய்விட்டனர். அதை வைத்து அந்த அணுகுமுறையே தோற்றதாகச் சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. 2002-இல் ஜப்பானின் எர்த் சிமுலேட்டரில் இதே மொழியில் எழுதப்பட்ட முப்பரிமாணப் பாய்ம நிரல் 14.9 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 14.9 லட்சம் கோடி கணக்குகள்) வேகத்தை எட்டி, உயர்வேகக் கணிப்பியலுக்கான கார்டன் பெல் பரிசு பெற்றது. இன்று பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் கூகுளின் எக்ஸ்.எல்.ஏ. கம்பைலரும், அணிகளின் பிரிவினையை நிரலர் குறித்துக் கொடுத்தால், பரிமாற்றங்களைத் தானே சேர்த்துக்கொள்கிறது.

நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இணைக் கணிப்பியல் பாடம் எம்.பி.ஐ. கட்டளைகளோடு முடிந்துவிடுகிறது. ஒரு லூப்பையும் அணியின் பிரிவினையையும் கொடுத்து, எந்தப் பிராசஸர் எதை அனுப்ப வேண்டும் என்று மாணவர்களையே தாளில் எழுதிக் கண்டறியச் செய்யும் பயிற்சியைப் பாடத்திட்டக் குழுக்கள் சேர்க்க வேண்டும். தங்கள் அறிவியல் பக்கத்திலும் இதற்கு இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.