சாபி அலோன்சோவும் உன் வாண்டுகளும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, "சாயங்காலம் பையன்களுக்குப் பந்து சொல்லித் தரக் கூப்பிடுகிறார்கள், இந்த வயதில் வாண்டுகளை மேய்க்கவா" என்று. அதைப் படித்ததும் எனக்கு ஸ்பெயின் கால்பந்து வீரன், நம் சாபி அலோன்சோ ஞாபகம் வந்துவிட்டான்.

உனக்கு அவனை ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரியும். நீயும் அவனைப் போலவே தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, பந்தை அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று என்று பிரித்துக் கொடுப்பாய். "இவன் ஓடவே மாட்டானா" என்று வெளியிலிருந்து கத்துவார்கள். டேக்கிள் என்பது ஆசைப்பட்டுக் கற்கிற வித்தை இல்லை, வேறு வழியில்லாதபோது செய்வது என்கிற மாதிரி அவன் ஒரு பேட்டியில் சொன்னதை நீ எத்தனை பேரிடம் திருப்பிச் சொல்லியிருப்பாய்!

2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், இடைவேளையில் மிலான் 3-0 என்று முன்னிலை. விடுதியில் பாதிப் பேர் தூங்கப் போய்விட்டார்கள். அப்புறம் ஆறே நிமிடத்தில் அவனுடைய லிவர்பூல் மூன்றையும் திருப்பியது. மூன்றாவது அலோன்சோவின் பெனால்டி. மிலான் கோல்கீப்பர் டீடா பாய்ந்து தடுத்துவிட்டான். நீ தலையில் கை வைத்தாய். கையை எடுப்பதற்குள், திரும்பி வந்த பந்தை அவன் இடது காலால் வலையின் மேல்பக்கம் ஏற்றிவிட்டான். அடுத்த ஜனவரியில் லூட்டன் அணிக்கு எதிராக மைதானத்தில் தன் பாதியிலிருந்தே கோல் அடித்தானே, அப்படி அடிப்பான் என்று ஒரு ரசிகர் முன்கூட்டியே 200 பவுண்டு பந்தயம் கட்டி 25,000 பவுண்டு வாங்கிப் போனார். நாமும் கட்டியிருக்கலாம்!

அப்புறம் மாட்ரிட், பேயர்ன், ஸ்பெயினுக்காக ஓர் உலகக் கோப்பை, இரண்டு யூரோ கோப்பை. அதெல்லாம் உனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் சொல்ல வந்தது 2017-ல் ஓய்வு பெற்றதற்குப் பிறகு நடந்ததை. இத்தனை பதக்கம் வாங்கியவன் பயிற்சியாளனாக முதலில் போய் நின்றது ரியல் மாட்ரிட்டின் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களிடம். அடுத்து, தான் வளர்ந்த சான் செபாஸ்டியனுக்குத் திரும்பி ரியல் சோசியதாதின் பி அணியை எடுத்துக்கொண்டான். அப்பா பெரிக்கோ ஆடி லீக் வென்ற கிளப். மூன்று வருடம் அங்கேயே இருந்தான். 2021-ல் அந்தப் பொடியன்களை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினான், கிட்டத்தட்ட அறுபது வருடத்துக்குப் பிறகு. அடுத்த சீசனிலேயே கீழே இறங்கிவிட்டார்கள். எனக்கு அந்த இறக்கம்தான் பிடித்த இடம். கூட்டமில்லாத மைதானத்தில் தோற்றுத் தோற்றுக் கற்றிருக்கிறான்.

2022 அக்டோபரில் ஜெர்மன் கிளப் லெவர்குசன் கூப்பிட்டபோது அவர்கள் எட்டு ஆட்டத்தில் ஐந்தே புள்ளி, பதினெட்டு அணியில் பதினேழாவது இடம். என்றைக்கும் இரண்டாவதாகவே வருகிறவர்கள் என்று ஜெர்மனியே அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்த கிளப் அது. பயிற்சியில் இவனே இறங்கிப் பாஸ் போட்டுக் காட்டுவானாம். 2024 ஏப்ரல் 14, பிரெமன் அணியை 5-0 என்று வென்றார்கள். ஐந்து ஆட்டம் பாக்கியிருக்கும்போதே கிளப்பின் முதல் ஜெர்மன் லீக் பட்டம், பேயர்னின் பதினொரு வருட ஆட்சி முடிந்தது. சீசன் முடிவில் லீகில் தோல்வியே இல்லை: 28 வெற்றி, 6 டிரா. அதைவிட, மே மாதம் ஐரோப்பியக் கிளப்களின் யூரோப்பா லீகில் ரோமாவோடு ஆடிய ஆட்டம் பார்த்தாயா? 97-ஆவது நிமிடத்தில் லெவர்குசனின் ஸ்டானிஷிச் அடித்து 2-2. தோற்காத ஆட்டங்கள் 49 ஆகி, 1960-களில் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப் வைத்த சாதனை போய்விட்டது. 51 வரை போய், டப்ளினில் யூரோப்பா இறுதி ஆட்டத்தில் அட்டலான்டாவிடம் 3-0 என்று சரிந்தார்கள். மூன்றே நாளில் ஜெர்மன் கோப்பையை வென்றார்கள். அதன் பிறகு பயிற்சியாளனாக மாட்ரிட் போனது தனிக் கதை, நேரில் பேசுவோம்.

சரி, நீ பதில் சொல்லிவிட்டாயா? இன்னும் இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சும்மா ஓரமாக உட்கார்ந்து பார். கூச்சலுக்கு நடுவே நின்ற இடத்திலேயே நிற்கிற பையன் ஒருவனாவது இருப்பான். அவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று எனக்கு எழுது. உன் பழைய விசில் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது, பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரவி