ராத்திரி சாப்பிடாமல் படுக்கிற தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

நேற்று நீ போனில் பேசும்போது பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, தண்ணீரையும் திறந்துவிட்டுத்தான் இதை என்னிடம் சொல்ல முடிந்திருக்கிறது உன்னால். "அந்த நேரத்துல கீழேர்ந்து சத்தம் வருதுக்கா, அவர் என்ன நினைப்பாரோன்னு கூசிப் போகுது" என்றாய். அடுத்த நிமிஷமே வைத்துவிட்டாய். உன் பெயர் போடாமல் பொதுவில் எழுதட்டுமா என்று காலையில் கேட்டதற்குச் சரி என்று பதில் போட்டாய், அதனால் எழுதுகிறேன். உன்னைப் போல எத்தனை பேர் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார்களோ.

உறவின்போது பெண்ணுறுப்பிலிருந்து வருகிற அந்தச் சத்தம் வெறும் காற்று. குடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெண்ணுறுப்பின் உட்பாதை சாதாரணமாக மடிந்து, சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருக்கும். உறவின்போது அது விரியும், அசைவில் வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், அப்புறம் படுத்திருக்கும் நிலை மாறும்போதோ தசை இறுகும்போதோ வந்த வழியே வெளியே வரும். அறையில் இருந்த அதே காற்றுதான் என்பதால் நாற்றமும் இருக்காது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை என்றாய். முடியாதுதான், மலவாயில் இருப்பதுபோல மூடித் திறக்கிற சுருக்குத் தசை அங்கே கிடையாது. யோகா வகுப்பில் கால்களை மேலே தூக்கி நின்றுவிட்டு இறக்கும்போதுகூட சிலருக்கு இப்படி வரும்.

வயிறு கடமுடா என்று சத்தம் போடுகிறது என்பதற்காக ராத்திரி சாப்பாட்டையே விட்டுவிட்டாய் என்றாயே, அதுதான் எனக்கு மனசே கேட்கவில்லை. வயிறு காலியாக இருக்கும்போது சுமார் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரைப்பையில் ஆரம்பித்து சிறுகுடல் முடிய ஒரு அலைபோலச் சுருங்கி மிச்சம் மீதியைத் தள்ளிவிடும். அப்போது உள்ளே காற்றும் நீரும் மட்டும் உருள்வதால் சத்தம் இன்னும் நன்றாகவே கேட்கும். பட்டினி கிடந்தால் அடங்காது, கூடத்தான் செய்யும். நிஜமாகவே குசு வந்தாலும்தான் என்ன? நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை வரை வாயு பிரியும், உன் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ் எல்லாம் மதியத்தோடு வைத்துக்கொள், போதும்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. பெரியவன் பிறந்து மூன்று மாதம் கழித்து நாங்கள் முதல் தடவை சேர்ந்தபோது எனக்கு நீளமாக ஒரு சத்தம் வந்தது. பிரசவத்தில் இடுப்புக்கு அடியில் தாங்குகிற தசைகள் தளர்ந்துபோவதால் இது அதிகமாகலாம் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. அவர் அப்படியே நின்றுவிட்டார். அருவருத்துப் போனார் என்றுதான் நினைத்தேன். இருட்டில் என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்லைங்க, காத்து" என்றேன். "ஓ" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டை மாதிரி படுத்திருந்தேன், அப்படி விறைத்துக் கிடந்ததால் வலியும் வந்தது.

இடுப்புக்கு அடியில் தாங்குகிற அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சியை 1948-லேயே அமெரிக்க மகளிர் மருத்துவர் அர்னால்ட் கெகல் எழுதி வைத்தார், இன்றும் கெகல் பயிற்சி என்றுதான் சொல்லித் தருகிறார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு நல்லது. ஏற்கெனவே பயத்தில் இறுகிக் கிடக்கிற உனக்கு இப்போது வேண்டாம், நீ தளர்ந்து மூச்சு விட்டாலே பாதி சரியாகும்.

காற்றோடு மலமோ மல வாடையோ அந்த வழியாக வந்தாலும், சிறுநீர் கசிந்துகொண்டே இருந்தாலும், வலியோ ரத்தமோ இருந்தாலும் மட்டும் மகளிர் மருத்துவரிடம் போய்விடு. பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு உள்ளே ஒரு ஓட்டை விழுந்தால் அப்படி ஆகும், அதை வெட்கப்பட்டு மறைக்கவே கூடாது.

கட்டில் கிறீச்சிடுகிறது, பக்கத்து அறையில் மாமியார் என்றாய். பகலில் ஸ்க்ரூவை முடுக்கச் சொல், இல்லையென்றால் பாயைக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் "காத்து" என்று நீயே முந்திச் சொல்லிவிடு. அவர் சிரித்தால் நீயும் சிரி. கேலியாக மற்றவர்கள் முன்னால் பேசினால் மட்டும் சும்மா இருக்காதே, மனசு வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்.

இன்றைக்கு ராத்திரி இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் படு. சாப்பிட்டதும் எனக்கு மெசேஜ் போடு, முழித்துக்கொண்டு இருப்பேன்.

உன் அக்கா