அஸ்வெசும பெறும் குடும்பங்கள் சொந்தத் தொழிலில் ஊன்றிக்கொள்ள மானிய நிதி வழங்கக் கோரும் மனு

அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

ஊடாக: பிரதேச செயலாளர் அவர்கள்

பொருள்: நலன்புரிக் கொடுப்பனவு பெறும் பெண்களின் தொழில் முயற்சிகளுக்கு மானிய நிதி ஒதுக்குவதும், அது வழங்கப்படும் முறையைத் திருத்துவதும் தொடர்பாக

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

எமது கிராம உத்தியோகத்தர் பிரிவில் இயங்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் உறுப்பினர்களாகிய நாம், அண்மையில் கூடிய பொதுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தின்படி இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கின்றோம். உறுப்பினர்களிற் பெரும்பாலானோர், அரசின் மாதாந்த நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் பலர் போரிலோ நோயிலோ கணவரை இழந்து, தனித்து நின்று குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். கொடுப்பனவைக் கூட்டித் தாருங்கள் என்று நாம் கேட்க வரவில்லை. அது நிறுத்தப்படும் நாள் வருவதற்கு முன்னரே ஒவ்வொரு குடும்பமும் ஒரு வருமானத்தை உண்டாக்கிக்கொள்ள மானிய நிதி வேண்டும் என்பதும், அந்நிதி இதுவரை வழங்கப்பட்டு வந்த விதத்தில் வழங்கப்படலாகாது என்பதுமே எமது வேண்டுகோள்.

2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தபோது, பயனாளிகள் நிலைமாறும், பாதிக்கப்படக்கூடிய, வறிய, மிகவும் வறிய என நான்கு பிரிவினராக வகுக்கப்பட்டனர். வறிய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபாவும் மிகவும் வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாவும் மூன்று ஆண்டுகளுக்கு என்று அன்று அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரி முதல் இத்தொகைகள் முறையே 10,000 ஆகவும் 17,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. 2022 இன் நெருக்கடியில் அரிசியும் மாவும் எண்ணெயும் கைக்கெட்டாமற் போனதை நேரில் கண்ட எமக்கு இக்கொடுப்பனவின் அருமை தெரியும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் மருந்தும் பலசரக்குக் கடையின் கொப்பிக் கணக்கும் இன்றும் அதைக் கொண்டுதான் அடைபடுகின்றன. ஆயினும் எந்தப் பிரிவினருக்கும் இக்கொடுப்பனவு நிரந்தரமன்று. கால எல்லைகள் ஓரிரு தடவை நீடிக்கப்பட்டுள்ளன என்பதற்காக, இனியும் நீடிக்கப்படும் என்று நம்பிக்கொண்டு எவரும் குடும்பம் நடத்த இயலாது. குடிசன மதிப்பீட்டு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாட்டில் வறுமை 14.3 வீதமாக இருக்க, எமது மாவட்டத்தில் அது 44.5 வீதமாக, எல்லா மாவட்டங்களிலும் உயர்ந்ததாக இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். கொடுப்பனவு நின்றால் அந்த இடியை முதலில் தாங்கப்போவது எமது மாவட்டமே.

மீள்குடியேறிய காலந்தொட்டு எமது கிராமத்துக்கு வாழ்வாதார உதவிகள் வராமல் இல்லை. தையல் இயந்திரம் வந்தது, ஆடு வந்தது, கோழிக்குஞ்சு வந்தது, தூவான நீர்ப்பாசனத் தொகுதிகூட வந்தது. அவற்றைத் தந்தவர்கள் எவரையும் குறைகூற நாம் விரும்பவில்லை. வெறுங்கையோடு வந்து நின்ற காலத்தில் தந்த கைகள் அவை. ஆனால் அவற்றில் எத்தனை இன்று வருமானம் தருகின்றன என்று தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் வீடு வீடாகச் சென்று பார்த்தால், மூலையில் துணி போர்த்து வைத்திருக்கும் தையல் இயந்திரங்களைத்தான் அதிகம் காண்பார். தைக்கத் தெரியாதவருக்கும் அது கொடுக்கப்பட்டது. தைக்கத் தெரிந்த ஐந்து பேர் ஒரே ஒழுங்கையில் இருக்க, அவர்கள் ஐவருக்கும் கொடுக்கப்பட்டது. ஒருவர் தைத்த சட்டையை மற்றவர் வாங்கப்போவதில்லை அல்லவா?

கோழிக்குஞ்சுகளின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது. ஒரு திட்டத்தின் நிதி, ஆண்டு முடிவதற்குள் செலவழிக்கப்பட வேண்டியிருந்தமையால், குஞ்சுகள் கார்த்திகை மாதத்தில், அடைமழைக்குள் எமக்குக் கொண்டுவந்து தரப்பட்டன. கூடு அடிக்கத் தகரமும் கம்பியும் பிறகு வரும் என்றார்கள். கோழிகளைக் கொல்லும் இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டபோது விடை சொல்ல எவரும் இருக்கவில்லை. பெற்றவர்கள் குஞ்சுகளைக் குசினிக்குள் கடகத்தால் மூடி, அடுப்புச் சூட்டில் வைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள். தைப்பொங்கலுக்கு முன்னரே பெரும்பாலானவை செத்துப்போயின. கம்பி மாசி மாதத்தில் வந்தது. பதிவேட்டில் அக்குடும்பங்கள் இன்றும் ‘உதவி பெற்றவர்கள்’. அதனாலேயே அடுத்து வந்த திட்டத்தில் அவர்களது பெயர் சேர்க்கப்படவில்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதற்கு ஆதாரம் உண்டு. பங்களாதேஷில் பிராக் (BRAC) என்னும் தொண்டு நிறுவனம் 2002 இல் மிக வறிய குடும்பங்களுக்கென ஒரு முறையைத் தொடங்கியது. தொழிலுக்கான ஒரு சொத்து, அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்கு ஒரு தொகை, பயிற்சி, சேமிப்பு, உடல்நல அறிவுரை, வீட்டுக்கு அடிக்கடி வந்து பார்க்கும் ஓர் உத்தியோகத்தர் என்று எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, ஏறத்தாழ 24 மாதங்களுக்கு ஒரு குடும்பத்தைக் கைவிடாமல் கூட நிற்பதே அம்முறை. இம்முறை எதியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000 க்கு மேற்பட்ட குடும்பங்களிடையே சோதித்துப் பார்க்கப்பட்டு, முடிவுகள் 2015 இல் வெளியாயின. ஆய்வு செய்தவர்களுள் பின்னர் 2019 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்தனர். உதவி நின்று ஓராண்டு கழிந்த பின்னரும் அக்குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் உயர்ந்த நிலையிலேயே இருந்தன என்பது பொதுவான முடிவு. ஹொண்டுராஸில் மட்டும் பலன் மெலிந்திருந்தது; அங்கு பலருக்கு வழங்கப்பட்ட கோழிகள் நோயில் மடிந்தமை அதற்கொரு காரணமாகக் கூறப்பட்டது. இதைச் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியபோது எமது உறுப்பினர்கள் சிரித்தார்கள். கடல் தாண்டியும் கோழிக்கு அதே விதிதான் என்றார் ஒருவர்.

ஆடு கிடைத்தவர்களின் நிலை வேறு. ஆடுகள் நன்றாகவே வளர்ந்தன; ஆனால் கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் தவணைக்காக அவை ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் 1 இலட்சம் ரூபா வரையானவற்றுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அது பலரது உயிரைக் காத்தது என்றே சொல்ல வேண்டும். எனினும், அவசரத்துக்குக் கைகொடுக்க வேறு வழியில்லாத காரணத்தால் மீண்டும் கடனுக்குள் விழுந்தவர்கள் உண்டு. ஆகவே, சாப்பாட்டுக்கும் அவசரத்துக்கும் வேறு பணம் இல்லாத வீட்டில் தொழிலுக்கென்று தரப்படும் எந்தச் சொத்தும் தங்காது. இதனாலேயே தொழில் மானியத்தையும் அஸ்வெசும கொடுப்பனவையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்ளாது, குறிப்பிட்ட காலத்துக்கு இரண்டையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்று கேட்கின்றோம்.

இவ்விடத்தில் எமது உறுப்பினர்கள் வெளியில் சொல்லத் தயங்கும் ஒரு பயத்தையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். அஸ்வெசும தெரிவுக்கு கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என ஆறு பகுதிகளில் 22 குறிகாட்டிகள் பார்க்கப்படுகின்றன. ஒரு மாடு வாங்கிக் கட்டினால், ஒரு அரைக்கும் இயந்திரத்தைப் பொருத்தி மின்கட்டணம் கூடினால், அடுத்த கணக்கெடுப்பில் தமது புள்ளி மாறிக் கொடுப்பனவு வெட்டப்பட்டுவிடும் என்று பெண்கள் எண்ணுகின்றார்கள். அந்த எண்ணம் எவ்வளவு சரியென்று எமக்கு உத்தியோகபூர்வமாக விளக்கப்படவில்லை. ஆனால் அப்பயத்தினாலேயே முற்றத்தில் நிற்கும் பசுவைத் தங்கையின் வீட்டுப் பசு என்று சொல்பவர்களும், வங்கிக் கணக்கில் போட வேண்டிய காசைச் சீட்டில் போடுபவர்களும் இருக்கிறார்கள். உழைத்து உயர்ந்தால் தண்டனை கிடைக்கும் என்ற எண்ணம் ஊரில் பரவிவிட்டால், அதன்பின் எத்தனை பயிற்சிப் பட்டறை நடத்தியும் பயனில்லை.

வாழ்வுக்கும் முதலுக்கும் ஒருங்கே பணம் தருவது நமது நாட்டுக்குப் புதிதன்று. 1989 இல் தொடங்கிய ஜனசவியத் திட்டத்தில் மாதம் 2,500 ரூபா என வகுத்து, அதில் 1,458 ரூபா வீட்டுச் செலவுக்கும் எஞ்சிய 1,042 ரூபா சேமிப்பாகவும் ஒதுக்கப்பட்டது. 24 மாதங்களில் அச்சேமிப்பு 25,000 ரூபா முதலாகத் திரள வேண்டும் என்பது எண்ணம். அத்திட்டத்தில் குறைகள் இருந்தன. 1995 இல் சமுர்த்தி அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. இருந்தபோதிலும், செலவுக்கு ஒரு பங்கு, நாளைக்கு ஒரு பங்கு என்று பிரித்த அந்தக் கணக்கு எமக்கு நியாயமாகவே தோன்றுகின்றது.

எனவே, வறுமை ஒழிப்புக்கென 2025 இல் அரசு ஆரம்பித்த பிரஜாசக்தி வேலைத்திட்டத்தின் கீழோ, மாவட்டத்துக்குக் கிடைக்கும் வேறு ஒதுக்கீடுகளின் கீழோ, எமது பிரிவில் முதற்கட்டமாக 25 குடும்பங்களுக்கு 24 மாத காலத் தொழில் மானியத் திட்டமொன்றை நடைமுறைப்படுத்தித் தருமாறு வேண்டுகின்றோம். மானியம் பொருளாக வேண்டாம். பயனாளியின் வங்கிக் கணக்கில் இரு தவணைகளாக வைப்பிலிடப்படட்டும். என்ன தொழில், எங்கே விற்பது, முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று பயனாளி தன் வாயால் சொல்லி, அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் அதை எழுதிச் சரிபார்த்த பின்னர் முதல் தவணையும், தொழில் நடப்பதை நேரில் கண்ட பின்னர் இரண்டாந் தவணையும் விடுவிக்கப்படலாம். அந்த உத்தியோகத்தர் கிழமைக்கு ஒரு தடவையேனும் வீடுகளுக்கு வந்து செல்ல வேண்டும். எமது அனுபவத்தில் பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது இந்த வருகைதான். அவருக்கு எரிபொருட்படியை ஒதுக்காமல் விட்டால் திட்டம் முழுவதும் கடதாசியில் மட்டும் நடக்கும் என்பதை உரிமையோடு சொல்கின்றோம். கால்நடை சம்பந்தப்பட்ட தொழில்களுக்கு கால்நடை வைத்திய அதிகாரியின் சம்மதமும் தடுப்பூசி அட்டவணையும் முன்நிபந்தனையாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் உயிர்ப்பிராணிகள் எதுவும் வழங்கப்படலாகாது. இம்மானியத்தால் வாங்கப்படும் சொத்தும் அதிலிருந்து முதல் 24 மாதங்களில் கிடைக்கும் வருமானமும் அஸ்வெசும மீளாய்வில் கணக்கெடுக்கப்படமாட்டா என்ற எழுத்து மூல உறுதியை, அஸ்வெசுமவை நிர்வகிக்கும் நலன்புரி நன்மைகள் சபையிடமிருந்து தாங்களே பெற்றுத் தர வேண்டும். இவ்வுறுதி கிடைக்காவிடின் மற்றவை எல்லாம் கிடைத்தும் பலர் முன்வரமாட்டார்கள்.

தொழிலுக்கு வழி இல்லாத ஊரல்ல எமது ஊர். வற்றாப்பளை கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு வரும் சனத்துக்கு விற்கப்படும் கச்சானில் கணிசமான பகுதி வேறு மாவட்டங்களிலிருந்து வரும் வியாபாரிகளுடையது. எமது மணற்காணிகளில் கச்சான் நன்றாக விளையும், வறுத்துப் பொதி செய்யும் வசதிதான் இல்லை. கரையோர உறுப்பினர்கள் கருவாடு போடுகிறார்கள். மழைக்கு மூடி உலர்த்த இடமில்லாததால் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அரிசிமாவும் மிளகாய்த்தூளும் இடித்து விற்பவர்கள், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள், பனையோலையில் பெட்டியும் சுளகும் இழைப்பவர்கள் என்று பலர் ஏற்கனவே சிறிதாகச் செய்துகொண்டிருப்பதைப் பெரிதாக்கவே பணம் கேட்கிறார்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் அரச சிற்றுண்டிச்சாலைகளிலும் இப்பொருட்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கித் தந்தால் சந்தைக்கான பாதி அலைச்சல் குறையும்.

வயது முதிர்ந்தவர்கள், சிறுநீரக நோயாளர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளையை விட்டு அசைய முடியாத தாய்மார் ஆகியோரை இத்திட்டத்தில் சேரும்படி வற்புறுத்தலாகாது என்பதையும், சேராத காரணத்தால் அவர்களது கொடுப்பனவில் கை வைக்கலாகாது என்பதையும் பொதுக்கூட்டம் ஏகமனதாக வலியுறுத்தியது.

எமது பங்குக்கு, பயனாளிகளின் தெரிவை முழுக் கூட்டத்தில், பெயரை வாசித்து, ஆட்சேபம் கேட்டு நடத்துவோம். சங்க நிர்வாகிகளின் நெருங்கிய உறவினர்கள் முதற்கட்டத்தில் சேர்க்கப்படமாட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் கிழமைதோறும் இயன்றதைச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கக் கணக்கில் சேமிக்கும். அவசரத்துக்கு நுண்கடன்காரரிடம் போகாமல் அதிலிருந்தே குறைந்த வட்டிக்கு எடுத்துக்கொள்ள வழி செய்வோம். கணக்குப் புத்தகங்கள் எந்நேரமும் தங்கள் உத்தியோகத்தர்களின் பார்வைக்குத் திறந்திருக்கும். தோற்ற முயற்சிகளையும் மறைக்காமல் எழுதி, காரணத்துடன் மூன்று மாதத்துக்கொரு முறை அறிக்கை தருவோம்.

இவ்விடயம் குறித்து நேரிற் கலந்துரையாட, தலைவி, செயலாளர், பொருளாளர் ஆகிய மூவருக்கும் தங்கள் வசதிப்படி ஒரு திகதி தந்துதவுமாறும், அக்கலந்துரையாடலுக்கு பிரதேச செயலாளரையும் நலன்புரி நன்மைகள் சபையின் மாவட்டப் பொறுப்பாளரையும் கால்நடை வைத்திய அதிகாரியையும் அழைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம். புதன்கிழமைகளில் எமது கிராமத்திலிருந்து காலைப் பேருந்து இருப்பதால், அந்நாள் எமக்கு இலகுவாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

தலைவி (ஒப்பம்)
செயலாளர் (ஒப்பம்)
பொருளாளர் (ஒப்பம்)
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்

இணைப்பு: பொதுக்கூட்டத் தீர்மானத்தின் பிரதி, தொழில் விருப்பம் தெரிவித்த உறுப்பினர்களின் ஒப்பமிட்ட பட்டியல்